ஜாக்கியிலிருந்து பயிற்சியாளர்: பிரிட்டனின் தாண்டல் பந்தயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் மாதம் பிரிட்டனின் புகழ்பெற்ற தாண்டல் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனல் ஒளிபரப்பானால் போதும், அதே சந்தேகங்கள் மறுபடி வரிசையில் வந்து நிற்கும். சாம்பியன்களைப் பற்றி எழுத ஆள் உண்டு. நூறு, நூற்றைம்பது வெற்றியோடு சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இருபது குதிரைகளுடன் ஒரு லாயம் நடத்துகிறவரைப் பற்றித் தமிழில் தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. தாண்டல் பந்தயம் நடப்பதே அப்படிப்பட்டவர்களால்தான். அடிக்கடி காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதில் தொடங்கித் தொகுத்திருக்கிறோம்.

1. தாண்டல் பந்தயம்னா என்ன? கிண்டியில, ஊட்டியில பாத்த ரேஸ் மாதிரிதானே?

இல்லை. கிண்டி, ஊட்டி பந்தயங்கள் தடையே இல்லாத ஓட்டம். பிரிட்டனில் ‘நேஷனல் ஹண்ட்’ என்று அழைக்கப்படும் தாண்டல் பந்தயம் வேறு உலகம். மிகக் குறைந்த தூரமே சுமார் 2 மைல். கிராண்ட் நேஷனல் 4 மைலுக்கும் மேல். அதில் 30 தாண்டல்கள். குதிரைகளும் வயதில் மூத்தவை. கிண்டியில் மூன்று, நான்கு வயதுக் குதிரைதான் நாயகன் என்றால், இங்கே எட்டு, ஒன்பது வயதில்தான் பல குதிரைகள் உச்சத்துக்கு வரும்.

தடைகளில் இரண்டு வகை. ஹர்டில் என்பது மேல்கட்டை மூன்றரை அடி உயரமுள்ள, இடித்தால் சாயக்கூடிய தட்டி. ஃபென்ஸ் என்பது குறைந்தது நாலரை அடி உயரத்தில், இறுக்கிக் கட்டிய மிலாறு வேலி, இடித்தால் விட்டுக்கொடுக்காது. ஃபென்ஸ் பந்தயத்தில் மைலுக்கு ஆறு தடையாவது இருக்கும். தாண்டலே இல்லாத ‘பம்பர்’ என்ற ஓட்டமும் உண்டு. இளம் குதிரைகளுக்குக் கூட்டத்தையும் சத்தத்தையும் பழக்குவதற்காக.

2. ஜாக்கின்னா குள்ளமா, ஒல்லியா இருக்கணுமே. இவங்க எல்லாம் நெட்டையா இருக்காங்களே?

தடையில்லாத குதிரை ஓட்டத்தைவிட இதில் எடை வரம்பு தாராளம். குதிரை சுமக்கும் எடை ஏறக்குறைய 10 ஸ்டோனிலிருந்து, அதாவது 64 கிலோவை ஒட்டித் தொடங்கி, 12 ஸ்டோன் வரை போகும். ஆறடி ஜாக்கிகளும் உண்டு. இந்த எடையில் சேணம், உடை எல்லாம் அடக்கம், தலைக்கவசம் சேராது.

தாராளம் என்றாலும், ஆறடி மனிதர் 63 கிலோவில் ஆண்டு முழுதும் இருப்பது கொடுமையான காரியம். முன்பு பந்தயத் திடலிலேயே நீராவி அறை இருந்தது. காலையில் அதில் உட்கார்ந்து ஒன்றிரண்டு கிலோ வியர்வையை வடித்துவிட்டு, நாக்கு வறண்டபடி குதிரை ஏறுவார்கள். 2021இல் பிரிட்டன் அவற்றை நிரந்தரமாக மூடியது. செய்ய வேண்டிய காரியம். நீர் வற்றிய உடம்பு முடிவெடுப்பதில் தாமதிக்கும். மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வேலியை நெருங்கும்போது அந்தத் தாமதம் எலும்பை முறிக்கும். பலருடைய சவாரி வாழ்க்கையை முப்பதை எட்டும் முன்பே முடித்துவைப்பது விழுந்த அடியைவிட இந்த எடைதான்.

3. புதுசா வர்ற பையனுக்கு எடைச் சலுகை தர்றாங்களாமே, அது என்ன கணக்கு?

ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் வேலை செய்தபடியே சவாரி பழகுகிறவரை ‘கண்டிஷனல்’ ஜாக்கி என்பார்கள். 20 வெற்றி வரும்வரை அவர் ஏறும் குதிரைக்கு 7 பவுண்டு எடை குறைப்பு, 40 வரை 5 பவுண்டு, 75 வரை 3 பவுண்டு. அனுபவம் இல்லாத கைக்கு ஈடாகக் குதிரையின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடு இது.

சிக்கல் 75ஆவது வெற்றியில் தொடங்குகிறது. சலுகை இருந்தவரை ‘இந்தப் பையனைப் போட்டால் ஏழு பவுண்டு மிச்சம்’ என்று அழைத்தவர்கள், சலுகை போனதும் அனுபவசாலியை அழைப்பார்கள். நடுத்தர ஜாக்கி ஒருவரின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், நான்காவது ஐந்தாவது ஆண்டில் வெற்றிகள் ஏறி, பிறகு சட்டென்று இறங்கியிருக்கும். திறமை போய்விட்டதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், சலுகை போய்விட்டது.

4. நடுத்தர ஜாக்கிக்கு வருமானம் எப்படி?

ஒரு சவாரிக்கு 200 பவுண்டுக்குச் சற்று மேல். ஜெயித்தால் பரிசில் ஒரு பங்கு. இதிலிருந்து சவாரி பிடித்துத் தரும் ஏஜெண்டுக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி, சேணமும் உடையும் தயார் செய்யும் வேலட்டுக்கு ஒரு தொகை, பிறகு காப்பீடு, பெட்ரோல். இரண்டு சவாரிக்காக மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போய், திடல் உறைந்ததால் பந்தயம் ரத்து என்று கேட்டுத் திரும்புவது குளிர்காலத்தில் சகஜம்.

காலையில் லாயங்களுக்குப் போய்க் குதிரைகளுக்குத் தாண்டல் பழக்கிக் கொடுப்பதற்குப் பெரும்பாலும் தனிக் கூலி கிடையாது. அடுத்த சவாரி கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் கூலி. ஆனால் பிற்காலத்தில் பயிற்சியாளர் ஆகிறவருக்கு உண்மையான படிப்பு நடக்கும் இடம் இதுதான்.

5. எவ்வளவு தடவை விழுவாங்க? அடிபட்டா யார் பாத்துக்கறாங்க?

சராசரியாகப் பதினைந்து, இருபது சவாரிக்கு ஒரு விழுகை என்று வைத்துக்கொள்ளலாம். காறை எலும்பு முறிவை அவர்கள் காயமாகவே எண்ணுவதில்லை. தலையில் அடிபட்டால் மட்டும் விதி கண்டிப்பானது: மருத்துவர் அனுமதிக்கும் வரை ஏற முடியாது.

1963 இறுதியில் டிம் புரூக்‌ஷாவும், 1964 கிராண்ட் நேஷனலில் பேடி ஃபாரலும் விழுந்து முடங்கிப்போனார்கள். அதற்குப் பிறகுதான் காயமடைந்த ஜாக்கிகளுக்கான நிதி 1964இல் தொடங்கப்பட்டது. இன்று லாம்போர்ன், மால்டன், நியூமார்க்கெட் ஆகிய மூன்று ஊர்களில் அந்த நிதியின் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன.

6. ஜாக்கியா பெரிசா சாதிக்காத ஒருத்தர் டிரெயினரா மட்டும் எப்படி ஜெயிப்பார்?

இந்தப் பக்கத்தைத் தொகுக்கக் காரணமே இந்தக் கேள்விதான். பால் நிக்கோல்ஸை எடுத்துக்கொள்வோம். ஜாக்கியாக அவர் பெற்றது மொத்தம் 133 வெற்றி. எடையோடு ஓயாத போராட்டம். 1986, 1987 இரண்டு ஆண்டும் ஹென்னெஸி கோப்பை வென்றது மட்டும் பெரிய பேர். குதிரை உதைத்துக் கால் முறிந்ததும் 1989இல் நிறுத்திவிட்டு, டேவிட் பேரன்ஸிடம் உதவியாளராக இருந்தார். அந்த லாயத்தின் ‘சீக்ரம்’ என்ற குதிரை 1991இல் கிராண்ட் நேஷனல் வென்றது. அதே ஆண்டு சாமர்செட்டின் டிட்சீட் கிராமத்தில், பால் பார்பர் என்ற பால்பண்ணைக்காரரின் லாயத்தை வாடகைக்கு எடுத்துத் தனியாகத் தொடங்கினார். முதல் சாம்பியன் பயிற்சியாளர் பட்டம் 2006இல்தான் வந்தது. பதினைந்து ஆண்டு ஆயிற்று. பிறகு காவ்டோ ஸ்டார், டென்மன் என்ற குதிரைகளாக வரலாறே அவர் வாசலில் நின்றது.

மார்ட்டின் பைப் ஜாக்கியாக இவரைவிடவும் சிறியவர். கைவிரலில் எண்ணும் அளவுகூட வெற்றி இல்லை. அவர்தான் பதினைந்து முறை சாம்பியன் பயிற்சியாளர். வெனிஷியா வில்லியம்ஸ் அமெச்சூராக ஓட்டியவர். 1988 கிராண்ட் நேஷனலில் பீச்சர்ஸ் புரூக் என்ற தடையில் விழுந்து, சில நாளில் வூஸ்டர் திடலில் மறுபடி விழுந்து கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு சவாரியை விட்டார். 2009இல் 100-க்கு 1 என்ற பந்தயக் கட்டு விலையில், அதாவது ஜெயிக்கும் என்று ஏறக்குறைய யாரும் நம்பாத நிலையில் இருந்த மோன் மோம் என்ற குதிரையைக் கிராண்ட் நேஷனல் ஜெயிக்க வைத்தார்.

சாம்பியன் ஜாக்கிக்கு நல்ல குதிரைகளே வரும். நடுத்தர ஜாக்கிக்கு மறுக்கிற குதிரை, வலி மறைக்கிற குதிரை, மூச்சு போதாத குதிரை, பயந்த குதிரை எல்லாம் வரும். பத்து வருஷம் அவற்றின் முதுகில் உட்கார்ந்தவருக்கு, ஒரு குதிரை ஏன் ஓடவில்லை என்பது இடுப்பிலும் தொடையிலும் பதிந்துவிடும். பெரிய ஜாக்கிகள் தோற்பார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. நான்கு முறை சாம்பியன் ஜாக்கியான ஃபிரெட் வின்டர், பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் அதிகாரி வேலைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பிறகு பயிற்சிக்கு வந்தார். முதல் இரண்டு பருவத்திலேயே, 1965இலும் 1966இலும், கிராண்ட் நேஷனல் வென்றார்.

7. சவாரியை விட்ட மறுநாளே லாயம் ஆரம்பிச்சிடலாமா?

முடியாது. பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தின் உரிமம் வேண்டும். அதற்குக் குதிரைப் பராமரிப்பில் தகுதிச் சான்று, பந்தயப் பள்ளியில் லாய நிர்வாகம், கணக்கு, ஆள் மேலாண்மை பற்றிய வகுப்புகள், கையில் பணமிருப்பதற்கு ஆதாரம், லாயத்தை அதிகாரி வந்து சோதிப்பது, கடைசியாக நேர்காணல். குதிரையைத் தெரியும் என்பது மட்டும் போதாது. உரிமம் வாங்கிய ஜாக்கிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில்தான்.

ஒரு நல்ல லாயத்தில் இரண்டு மூன்று பருவமாவது உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டுத் தொடங்குவதே அறிவு. நிக்கோல்ஸ் பேரன்ஸிடம் இருந்ததும், நிக்கி ஹெண்டர்சன் ஃபிரெட் வின்டரிடம் இருந்ததும் அப்படித்தான்.

8. உரிமம் இல்லாம சொந்தக் குதிரையை மட்டும் தயார் பண்ண வழி இருக்கா?

உண்டு. ‘பெர்மிட்’ வாங்கினால் தன்னுடைய, தன் குடும்பத்தின் குதிரைகளைத் தாண்டல் பந்தயத்துக்குத் தயார் செய்யலாம். ஊரார் குதிரைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வேல்ஸில் பால்பண்ணை வைத்திருந்த சிரல் கிரிஃபித்ஸ் அப்படி ஒரு பெர்மிட்காரர். 1990இல் காலையில் மாடு கறந்துவிட்டு செல்ட்டனம் பந்தயத் திடலுக்குப் போனார். அவருடைய குதிரை நார்ட்டன்ஸ் காயின், 100-க்கு 1 விலையில், கோல்ட் கப் ஜெயித்தது.

9. கோடையில புல்வெளியில கிடந்த குதிரையை ரேஸுக்குக் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும்?

பத்திலிருந்து பன்னிரண்டு வாரம். ஜூலை, ஆகஸ்டில் குதிரைகள் வயிறு பருத்து வந்து சேரும். முதல் நான்கு வாரம் நடைதான்: தார் சாலையில், மேடு பள்ளத்தில், ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். இது எலும்பையும் தசைநாணையும் இறுக்கும். அடுத்த இரண்டு மூன்று வாரம் மேட்டில் துள்ளுநடை. அதற்குப் பிறகே கேண்டர் என்ற மிதமான ஓட்டம், பிறகு வேக ஓட்டம். நடையை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு ஓட வைப்பவர்கள் உண்டு. இதயமும் நுரையீரலும் சீக்கிரம் தயாராகிவிடும், தசைநாண் தயாராகாது. நவம்பரில் கால் போய்விடும்.

பழைய முறையில் நீண்ட சமதளத்தில் ஒரே ஓட்டமாக ஓட்டினார்கள். குறுகிய மேட்டுப் பாதையில் ஏறி, நடந்து இறங்கி, மறுபடி ஏறுவது என்று இடைவெளிப் பயிற்சியைத் தாண்டல் பந்தயத்தில் வேரூன்ற வைத்தவர் மார்ட்டின் பைப். நான்கைந்து ஃபர்லாங் மேட்டை மூன்று முறை ஏறினால், கால் மூட்டில் அடி குறைவு, மூச்சுக்கு வேலை அதிகம். ஒரு ஃபர்லாங் 201 மீட்டர். பைப் லாயத்திலேயே ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்தார். அவர் குதிரைகள் முதல் தடையிலிருந்தே முன்னால் போய் யாராலும் பிடிக்க முடியாமல் ஓடியதற்கு மர்மம் ஏதும் இல்லை. மற்றவற்றைவிட உடல்தகுதி அதிகம்.

10. குதிரைக்குத் தாண்டக் கத்துக்கொடுக்கறது எப்படி? தானாவே தாண்டாதா?

தாண்டும், ஆனால் அதன் இஷ்டத்துக்கு. முதலில் தரையில் கிடத்திய கட்டைகள்மேல் நடை, பிறகு துள்ளுநடை. கால் எங்கே வைக்கிறோம் என்று குதிரை பார்த்து வைக்கப் பழகும். அடுத்து ஒன்றரை அடி மரத்துண்டு, ஆள் ஏறாமல், வளாகத்துக்குள் தனியாக ஓடவிட்டு. அதற்குப் பிறகு சிறிய ஹர்டில், அனுபவமுள்ள குதிரை ஒன்று முன்னால் போக, கேண்டர் வேகத்தில். முன்னால் போகும் குதிரை நேராகத் தாண்டுவதாக இருக்க வேண்டும். அது இடப்பக்கம் சாய்ந்து தாண்டினால் குட்டியும் அதையே கற்றுக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஆறேழு தாண்டல் போதும். நன்றாகச் செய்ததும் நிறுத்திவிட வேண்டும். ‘இன்னும் ஒரு தடவை’ என்ற ஆசையில் களைத்த குதிரையை ஓட்டித்தான் முதல் விழுகை வரும்.

ஒன்றிரண்டு பருவம் ஹர்டில் ஓடிய பிறகு, ஐந்து, ஆறு வயதில் ஃபென்ஸுக்கு மாற்றுவார்கள். இங்கே ஒரு பழக்கம் காலை வாரும். ஹர்டிலில் வேகம் குறையாமல் மேல்கட்டையை உரசிக்கொண்டு போவது லாபம். ஃபென்ஸில் அதையே செய்தால் தலைகுப்புற விழும். ஆகவே வேலியின் அடியில் ஒரு தரைக்கட்டை வைத்து, மெதுவாக வந்து, பின்னங்காலை மடக்கி, முதுகை வளைத்துத் தாண்டப் பழக்க வேண்டும். குதிரை தடுமாறுவது பெரும்பாலும் தூரத்திலிருந்து பாயச் சொல்லி ஜாக்கி விரட்டும்போது. பொறுமையான கை, அடியை எண்ணாமல், குதிரையே தன் அடியைச் சரிசெய்ய விட்டுவிடும்.

தடையின் அடியில் இருக்கும் பலகைகள் முன்பு ஆரஞ்சு நிறம். இப்போது பிரிட்டன் திடல்களில் வெள்ளை. குதிரையின் கண்ணுக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரிந்து தெரியாது என்பதால் மாற்றினார்கள். மனிதன் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து இத்தனை ஆண்டு குதிரைக்கு அடையாளம் வைத்திருந்தோம் என்பது வருத்தமான உண்மை.

11. தீனி என்ன? நம்ம ஊர்ல மாதிரி கொள்ளா?

அங்கே ஓட்ஸ், அல்லது உருண்டைத் தீவனம். முழுப் பயிற்சியில் இருக்கும் சுமார் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ, மூன்று வேளையாகப் பிரித்து. அதோடு கிட்டத்தட்ட அதே எடைக்கு உலர்புல் அல்லது ஈரப்பதம் கொண்ட ஹேலேஜ். குதிரையின் வயிறு சிறியது, ஒரே வேளையில் கொட்டினால் வயிற்றுவலி வரும்.

கவனிக்க வேண்டிய நாள் ஓய்வு நாள். ஞாயிறு வேலையில்லாமல் முழுத் தானியம் தின்றுவிட்டு, திங்கள் காலை வெளியே வரும் குதிரைக்குப் பின்தொடைத் தசைகள் இறுகிக் கல்லாகிவிடும்; வியர்க்கும், நகராது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். அப்போது நடத்திச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்தி, போர்த்தி, மருத்துவரை அழைக்க வேண்டும். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாகக் குறைத்து, புல்லைக் கூட்டி, கொஞ்சம் வெளியே விட்டால் இது பெரும்பாலும் வராது.

12. காலையில பயிற்சியில பறக்கற குதிரை, ரேஸ்ல மட்டும் ஏன் கடைசியா வருது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. வரிசையாக விலக்கிப் பார்க்க வேண்டும். முதலில் தரை. சேற்றில் நீந்தும் குதிரை காய்ந்த தரையில் அடி வைக்கத் தயங்கும். அடுத்து மூச்சுக்குழாய்: உள்நோக்கியை விட்டுச் சளி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வெளியே இருமல்கூட இருக்காது, உள்ளே சளி நிறைந்திருக்கும். ஒரு லாயமே ஒரு மாதம் ஜெயிக்காமல் கிடப்பதற்கு இதுவே வழக்கமான காரணம். பிறகு நுரையீரலில் ரத்தக் கசிவு. கடைசி அரை மைலில், சுவிட்சை அணைத்தாற்போல் நின்றுவிடும் குதிரையிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

தொண்டையில் குருத்தெலும்பு முழுதாகத் திறக்காமல் கரகரவென்று சத்தம் போடும் குதிரைக்கு அறுவை செய்வார்கள். 2018 முதல் அந்த அறுவை நடந்த பிறகான முதல் ஓட்டத்தில் அதைப் பந்தயப் பட்டியலில் அறிவிக்க வேண்டும். முதுகுவலி, வயிற்றுப்புண், பல் என்று பட்டியல் நீளும். ஜாக்கியாக இருந்த பயிற்சியாளர் இங்கேதான் சம்பாதிக்கிறார். மற்றவர் சோதனை அறிக்கைக்குக் காத்திருக்கும்போது, இவர் தானே ஒரு காலை ஏறிப் பார்த்து ‘வலப்பக்கம் திரும்பும்போது முதுகைப் பிடித்துக்கொள்கிறது’ என்று சொல்லிவிடுவார். 6ஆம் பதிலில் சொன்ன படிப்பின் பலன் அது.

13. ‘கால் போச்சு’ன்னா என்ன? குதிரை அவ்வளவுதானா?

பெரும்பாலும் முன்னங்காலின் பின்புறத் தசைநாண் நைந்துபோவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். லாயத்தில் தினமும் காலையும் மாலையும் ஒவ்வொரு காலையும் கையால் தடவிப் பார்ப்பது இதற்காக. மெல்லிய சூடு, நூலளவு வீக்கம் தெரிந்தாலே வேலையை நிறுத்தி, ஸ்கேன் எடுக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் ஓராண்டு போகும். கிழிந்துவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதம் ஓய்வு. திரும்பி வரும், ஆனால் அதே கால் மறுபடி போகும் ஆபத்து எப்போதும் உண்டு. பெரிய பந்தயம் அடுத்த வாரம் இருக்கும்போது உரிமையாளரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு பயிற்சியாளரின் குணத்தைக் காட்டிவிடும்.

14. இருபது குதிரை வெச்சிருக்கறவர் எப்படிப் பிழைக்கிறார்?

கஷ்டப்பட்டுத்தான். உதாரணமாகக் குதிரைக்கு நாளொன்றுக்கு 55 பவுண்டு கட்டணம் என்று வையுங்கள்: இருபதுக்கு 1,100 பவுண்டு. மூன்று நான்கு குதிரைக்கு ஓர் ஆள் என்று ஆறு பேர் சம்பளம், லாய வாடகை, தீனி, படுக்கை, ஓட்டப்பாதைப் பராமரிப்பு, லாரி டீசல், காப்பீடு. லாடமும் மருத்துவமும் உரிமையாளர் கணக்கில் போகும். இவ்வளவும் கொடுத்தபின் கட்டணத்தில் மிஞ்சுவது சொற்பம். கோடையில் குதிரைகள் புல்லுக்குப் போனால் அதுவும் குறையும், வாடகை குறையாது.

மிச்சம் வருவது ஜெயித்தால் கிடைக்கும் பரிசுப் பங்கிலும், குதிரை வாங்கி விற்பதிலும். சிறிய லாயங்களை மூடவைப்பது தோல்வியைவிட நிலுவை. மூன்று மாதம் பணம் தராத உரிமையாளரின் குதிரையும் தினமும் மூன்று வேளை தின்னும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு குதிரை வாங்கும் சிண்டிகேட் முறை இதற்கு நல்ல தீர்வு. முன்பணம் வந்துவிடும், ஒருவர் விலகினாலும் குதிரை போகாது.

15. ஹேண்டிகாப் எடையைக் குறைக்க, வேணும்னே மெதுவா ஓட்டச் சொல்வாங்களாமே?

ஹேண்டிகாப் என்பது திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றிச் சமன் செய்யும் பந்தயம். மதிப்பெண்ணில் ஒரு புள்ளிக்கு ஒரு பவுண்டு எடை. பொதுவாகச் சில ஓட்டங்களுக்குப் பிறகே மதிப்பெண் கிடைக்கும். அந்த ஓட்டங்களில் குதிரையை அடக்கிப் பிடித்தால் எடை குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. விதிப்படி அது குற்றம். ஜெயிக்க முயலவில்லை என்று நடுவர்கள் கண்டால் ஜாக்கிக்குத் தடை, பயிற்சியாளருக்கு அபராதம், குதிரையும் சில வாரம் ஓட முடியாது.

நேர்மையான வழியே போதும். மூன்று மைல் வேண்டிய குதிரை இரண்டு மைலில் முழு முயற்சியோடு ஓடியும் தோற்கும். பிறகு சரியான தூரத்துக்கு, சரியான தரைக்கு மாற்றினால் குறைந்த எடையோடு ஜெயிக்கும். அது ஏமாற்று இல்லை, குதிரையைப் படிப்பது.

16. முன்னாள் ஜாக்கி தன் ஜாக்கிகிட்ட ரொம்ப அறிவுரை சொல்வாரோ?

நல்லவர்கள் குறைவாகவே சொல்வார்கள். ‘இடப்பக்கம் சாயும், உள்விளிம்பில் வை, நான்காவது தடைவரை தனியாக விடு’ என்று இரண்டு வாக்கியம் போதும். சாட்டையைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை: 2023 விதிப்படி தாண்டல் பந்தயத்தில் 7 முறைக்கு மேல் கூடாது, வரம்பை நான்கோ அதற்கு மேலோ மீறினால் குதிரையே தகுதி இழக்கும். தோற்று வந்ததும் ஜாக்கியைப் பேசவிட்டுக் கேட்பதுதான் முக்கியம். சேணம் அவிழ்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் வரும் வார்த்தை, மறுநாள் யோசித்துச் சொல்வதைவிட உண்மையானது.

17. டிரெயினரே தன் குதிரையை ஓட்டலாமா?

சவாரி உரிமமும் இருந்தால் ஓட்டலாம். சிறிய லாயங்களில் நடந்திருக்கிறது. பெர்க்‌ஷயரில் சிறு லாயம் வைத்திருந்த ஜான் கெம்ப்டன் இரண்டும் செய்தவர். 1967இல் அவருடைய குதிரை ஃபாய்நேவன் கிராண்ட் நேஷனலில் ஓடியது. அவருக்கு எடை ஒத்துவரவில்லை. ஜான் பக்கிங்ஹம் ஏறினார். ஜெயிக்காது என்று எண்ணி, கெம்ப்டன் அன்று வூஸ்டருக்குப் போய் வேறு பந்தயம் ஓட்டி ஜெயித்தார். அதே பிற்பகல், கிராண்ட் நேஷனல் நடக்கும் லிவர்பூலில், 23ஆவது தடையில் ஆளிழந்த குதிரை ஒன்று குறுக்கே ஓட, முன்னால் வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றுபோயின. வெகு பின்னால் வந்த ஃபாய்நேவன் இடைவெளி பார்த்துத் தாண்டி, 100-க்கு 1 விலையில் ஜெயித்தது. அதன் பயிற்சியாளர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்.